காத்தாடிக்கு எழுதாத வரி

கதாசிரியர் தம்பிக்கு,

உன் கார்ட்டூன் பையன் காத்தாடிக்குத் தொண்டையைக் கொடுத்துவிட்டு வெந்நீர் குடித்துக்கொண்டிருக்கும் அக்கா எழுதுவது. நான் நலம். உன் மாமாவும் நலம், வழக்கம்போல் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறார். அப்பாவைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். முதலிலேயே எழுதினால் நீ படிப்பதை நிறுத்திவிடுவாய்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். என்ன செய்வது? போனில் நான் அப்பா என்று ஆரம்பித்ததுமே உன் ஊரில் சிக்னல் போய்விடுகிறது. மழை, பல்வலி, வீட்டு வாடகை எல்லாம் நன்றாகக் கேட்கிற லைன், அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் கரகரக்கிறது. காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். மடித்துப் பையில் வைத்தாலும் எப்போதாவது எடுத்துப் படித்துத்தானே ஆகவேண்டும்.

முதலில் ஆபீஸ் சமாச்சாரம். பார்வையாளர்கள் எழுதிய கருத்துகளை மேலிடத்தில் திரட்டி அனுப்பியிருக்கிறார்கள். உனக்கும் வந்திருக்கும், நீ திறந்திருக்க மாட்டாய். இங்கே ஒலிப்பதிவு அறையில் ஹெட்போன் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்தார். நம் ஒலிப்பதிவுக்காரரைத்தான் சொல்கிறேன். சாப்பிடும்போதுகூட அதைக் காதிலிருந்து எடுப்பதில்லை என்பதால் இப்போது எல்லோருக்கும் அவர் ஹெட்போன்தான். ஒரு பெண் எழுதியிருக்கிறாள், மூணாவது படிக்கும்போது பார்க்க ஆரம்பிச்சேன், இப்போ வேலைக்குப் போறேன், காத்தாடி இன்னமும் முன்னால இருக்கிற பள்ளத்தைப் பார்க்காம ஓடி விழறான் என்று. இன்னொருவர், நீச்சல் தெரியாத ஆமைகூட நாலாவது சீசனில் நீச்சல் கற்றுக்கொண்டது, இவன் என்ன கற்றுக்கொண்டான் என்று கேட்கிறார். திருட்டுப் பெண் கப்பல் தலைவியாகிவிட்டாள், மன்னிப்புக் கேட்கக்கூடக் கற்றுக்கொண்டாள். வில்லன் திருந்திப் பள்ளிக்கூடம் நடத்துகிறான். சுற்றி இருக்கிறவர்கள் எல்லோரும் வளர்ந்துவிட்டார்கள், நடுவில் நிற்கிற கதாநாயகன் மட்டும் நட்டு வைத்த கம்பம் மாதிரி நிற்கிறான். இப்படிப் பக்கம் பக்கமாக.

எனக்கு முதலில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் என் வாயில் வளர்ந்த பிள்ளை அல்லவா? ஆனால் வீட்டுக்கு வரும் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோது, அவர்கள் சொல்வதில் என்னடா தப்பு என்று தோன்றியது.

நீயே ஒருநாள் வந்து பார். வளையலைக் கழற்றி வைக்கிறேன். செருப்பைக் கழற்றுகிறேன். சரசரக்காத பருத்தித் துணியாகப் பார்த்து உடுத்திக்கொண்டு, வாயில் எச்சில் சத்தம் வராமலிருக்க ஒரு துண்டு பச்சை ஆப்பிளைக் கடித்துவிட்டு மைக் முன்னால் போய் நிற்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஹெட்போன், அக்கா, விழற சத்தம் வேண்டாம், பழசு இருக்கு என்கிறார். சிரிப்பும் வேண்டாமாம், அதுவும் இருக்கிறதாம். மூச்சு வாங்குவது, குதிப்பது, எகிறுவது எல்லாம் சேமிப்பில் இருக்கிறது. பையன் எப்போதும் ஒரே மாதிரி விழுந்து ஒரே மாதிரி எழுந்தால் புதிதாக எதற்குப் பதிவு செய்ய வேண்டும்? ஒரு முழு எபிசோடையே நீங்க இல்லாம ஒட்டிடலாம் அக்கா என்று அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எல்லாம் தொடருக்கு நீ எழுதி வைத்த கையேட்டு விதியால் வந்தது. எந்த எபிசோடை எந்த நாளில் போட்டாலும் புரியவேண்டும், அதனால் கடைசிக் காட்சியில் எல்லாவற்றையும் துடைத்து வைத்துவிட வேண்டும். காயம் ஆறிவிட வேண்டும், கிழிந்த பாய்மரம் தைத்திருக்க வேண்டும், பட்ட அவமானம் மறந்திருக்க வேண்டும். ஆரம்ப காலத்தில் அது சரி. இப்போது எல்லோரும் வரிசையாகத்தான் பார்க்கிறார்கள், மற்ற பாத்திரங்களுக்கு அந்த விதியை நீங்களே எடுத்துவிட்டீர்கள். காத்தாடிக்கு மட்டும் நீ விடாப்பிடியாக வைத்திருக்கிறாய். அவன் மாறினா தொடர் முடிஞ்சிடும் என்று கூட்டத்தில் சொன்னாயாமே. மேலிடத்திலோ, மாறாவிட்டால்தான் முடித்துவிடுவோம் என்கிறார்களாம்.

சரி. இப்போது அப்பா.

கடிதத்தைக் கீழே வைக்காதே. வைத்தால் உதைப்பேன்.

பக்கவாதம் வந்து போனதிலிருந்து இடது கால் இழுக்கிறது. பார்வை பாதிதான். அவர் நடத்திய ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் போர்டைக் கழற்றி எங்கள் வீட்டுப் பரணில் போட்டிருக்கிறேன். பிரேக் இரண்டு வைத்த அந்தக் காரை விற்ற அன்று மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்றபடி வாய் அப்படியே இருக்கிறது. மாமா காய் வாங்க ஸ்கூட்டரை எடுத்தால் ஜன்னலிலிருந்து இன்டிகேட்டர் இன்டிகேட்டர் என்று கத்துகிறார்.

மத்தியானம் உன் தொடரின் மறுஒளிபரப்பு. தவறாமல் நாற்காலியை டிவி பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்கிறார். உன்னுடையது என்று நன்றாகத் தெரியும். படம் மங்கலாகத்தான் தெரிகிறது, காதால்தான் பார்க்கிறார். உன் பார்வையாளர்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி குறை சொல்கிறார். எப்பேர்ப்பட்ட மரமண்டையும் ஒரு மாசத்துல கிளட்ச் பழகிடறான், உன் தம்பி பெத்த பிள்ளை இத்தனை வருஷமா அதே பள்ளத்துல விழறானே என்கிறார். நாலைந்து எபிசோடுக்கு ஒரு தடவை அவன் தொலைந்துபோன தன் அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து, முதுகு காட்டி நிற்கிற ஆள் பின்னால் ஓடி, "அப்பா, நான் வந்துட்டேன்!" என்று கத்துவானே, அந்த ஆள் திரும்பினால் வேறு யாரோ. உடனே இவன் சிரித்துக்கொண்டு "சரி, அடுத்த தீவு!" என்று படகில் ஏறிவிடுவான். அப்பாவுக்கு அதுதான் தாங்கவில்லை. ஒரு தடவையாவது உக்காந்து அழட்டுமே, எதுக்கு அந்தப் பையனை அழவிடாம ஓட ஓட விரட்டறான் என்று என்னைக் கேட்டார். எழுதறவனைக் கேளுங்க, நான் வெறும் தொண்டைதான் என்றேன்.

இன்னொன்றும் கேட்டார். காத்தாடி ஏன் எப்போதும் வலது கையில் மட்டும் உறை போட்டிருக்கிறான் என்று. அதைப் பற்றி உன் ரசிகர்கள் ஆயிரம் கதை கட்டுகிறார்கள். உள்ளே மந்திர முத்திரை இருக்கிறதாம், வரைபடம் பச்சை குத்தியிருக்கிறதாம். உறையைக் கழற்றவே கூடாது என்று கையேட்டில் எழுதி வைத்தவன் நீ. ஏன் என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். அந்த நாளை நீ எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய், மனப்பாடம். உனக்குப் பத்தொன்பது வயது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நீ ஓட்டிய கார் சிக்னலில் நின்றுபோய்விட்டது. பின்சீட்டில் கற்றுக்கொள்ள வந்தவர்கள் மூன்று பேர். அப்பா உன் பிடரியில் ஒன்று போட்டு இறங்குடா என்றார். நீ இறங்கிக் கதவோரம் கையை ஊன்றி ஏதோ சொல்ல வாயெடுத்தாய். அவர் நகர்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்து, கதவை இழுத்துச் சாத்தினார். உன் வலது கை நடுவிரல் உள்ளே. பச்சை விழுந்தது, பின்னால் ஹாரன். நீ கதவைத் திறந்து விரலை உருவிக்கொண்டாய், அவர் போய்விட்டார். வீட்டுக்கு வந்து, கோணிப்போன விரலுக்கு என்னிடம் கட்டுப் போட்டுக்கொண்டாய். அவர் வருவதற்குள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். திரும்பிக்கூடப் பார்க்கலை அக்கா, திரும்பிக்கூடப் பார்க்கலை என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனாய்.

விரல் கோணிப்போச்சுப்பா என்று அன்றைக்கு ஒரு தடவை சொன்னதோடு சரி, அப்புறம் அதைப் பற்றி நான் அப்பாவிடம் பேசினதில்லை, அவரும் பேசினதில்லை. இப்போது அந்த உறையைப் பற்றிக் கேட்டதும், தெரியலைப்பா என்றேன். அதற்கு அவர், கழட்டச் சொல்லும்மா, காத்துப் படட்டும் என்றார்.

நான் எழுத வந்தது இனிமேல்தான். டிவியில் "அப்பா, நான் வந்துட்டேன்!" என்று வரும்போதெல்லாம் அப்பா எழுந்துபோய் வாசல் கதவைத் திறக்கிறார். முதல் தடவை நான் ஏதோ காற்றுக்காகத் திறக்கிறார் என்று நினைத்தேன். இல்லை. திறந்து, வெளியே இரண்டு பக்கமும் பார்த்து, சாத்திவிட்டு வந்து உட்காருகிறார். அந்த வரி தொடரின் முதல் வருஷம் பதிவு செய்தது, நீ போய்ச் சில வருஷம் ஆகியிருந்த சமயம். சின்ன வயதில் நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் செருப்பை உதறிக்கொண்டு கத்துவாயே, அந்தக் குரலைத்தான் நினைத்துக்கொண்டு கத்தினேன். அன்றைக்கு எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அதன் பிறகு எத்தனை பதிவு செய்தாலும் அதுதான் நன்றாக இருக்கிறது என்று ஹெட்போன் அதையே போடுகிறார். அப்பா காதில் விழுவது நான் இல்லை, நீ.

தம்பி, ஒரு தடவை வந்துவிட்டுப் போ. சண்டை போடவாவது வா. வர முடியாது என்றால் அந்தப் பையனையாவது கொஞ்சம் வளர விடு, அவனாவது யாரையாவது கண்டுபிடிக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது.

உன் அக்கா

*

வசனம் வெட்டுவதில் கெட்டிக்காரத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இந்தத் தடவை நலம் விசாரிக்கப் போவதில்லை. கோபமாக இருக்கிறேன்.

உன் பதில் கிடைத்தது. கடிதமாக இல்லை, அடுத்த சீசனின் திரைக்கதையாக. "அப்பா, நான் வந்துட்டேன்!" என்ற வரி எங்கெங்கே இருந்ததோ அங்கெல்லாம் கோடு போட்டு அடித்திருந்தாய். பழைய பதிவை இனிமேல் பயன்படுத்த வேண்டாம் என்று ஹெட்போனுக்குத் தனியாக ஒரு குறிப்பு. அவர் என்னிடம் கொண்டுவந்து காட்டி, என்ன அக்கா, நல்ல வரியாச்சே, ஏன் எடுத்துட்டாங்க என்று கேட்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்பா கதவைத் திறக்கிறார் என்று எழுதினால் நீ வந்து கதவுக்கு வெளியே நிற்பாய் என்று நினைத்தேனடா. நீ வரியை எடுத்துவிட்டாய். உலகத்தில் உன்னைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை தோன்றியிருக்காது.

இனிமேல் வரப்போவதில் வெட்டிவிட்டாய், சரி. ஏற்கெனவே வந்ததை என்ன செய்வாய்? மறுஒளிபரப்பு நிற்குமா?

போன செவ்வாய்க்கிழமை நான் ஒலிப்பதிவில் இருந்தேன். மாமா குளித்துக்கொண்டிருந்தார். டிவியில் அந்த வரி வந்திருக்கிறது. அப்பா ஊன்றுகோலைக்கூட எடுக்காமல் எழுந்து போயிருக்கிறார். கதவைத் திறந்தவர் படியில் கால் வைக்கப் போய் அப்படியே சரிந்துவிட்டார். மாமா தலையில் சோப்போடு ஓடிவந்து பார்த்தால், அப்பா தரையில் கிடந்தபடியே, அவன் கீழ நிக்கறானா பாருங்க மாப்பிள்ளை, போயிடப்போறான் என்கிறாராம். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. இந்த வயதில், இந்த இதயத்தோடு ஆபரேஷன் வேண்டாம் என்கிறார் டாக்டர்.

இப்போது முன்னறையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருக்கிறோம். டிவியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டேன். உடம்பு துடைத்துவிட ஒரு நர்ஸம்மா வருகிறார்கள். அவர்கள் சக்கரக் கட்டிலைத் திருப்பும்போதெல்லாம் அப்பா, மெதுவா, மெதுவா, பின்னாடி கண்ணாடியைப் பார்த்துட்டுத் திருப்புங்க என்று பாடம் எடுக்கிறார். தலையைத் திருப்பாதே, கண்ணாடியைப் பார் என்று நம் இரண்டு பேர் தலையிலும் எத்தனை தடவை தட்டியிருப்பார்! அந்த அம்மா பாவம், கண்ணாடியே இல்லையே ஐயா என்று சிரிக்கிறார்கள். சிரிப்பு வருகிற மாதிரிதான் இருக்கிறார். ஆனால் சாப்பாடு பாதியாகிவிட்டது. நாளுக்கு நாள் படுக்கையோடு ஒட்டிக்கொண்டு வருகிறார்.

உன்மேல் தப்பு என்று நான் சொல்லவில்லை. அவர் உன்னை அடித்தது தப்பு. ஊர் பார்க்க அடித்தது அதைவிடத் தப்பு. விரலை நசுக்கிவிட்டு ஒரு வார்த்தை கேட்காதது எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு. நான் அவருக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் நீ என்ன செய்தாய் யோசித்துப் பார். அந்த நாளை ஒரு பையன் கையில் உறையாக மாட்டினாய். அதைக் கழற்றக்கூடாது என்று விதி எழுதினாய். அவனுக்கு வலிக்கிறதா, கோபம் இருக்கிறதா, அப்பாவை நிஜமாகவே பார்க்க விரும்புகிறானா, ஒன்றும் அவன் வாயிலிருந்து வரக்கூடாது. ஓடவேண்டும், விழவேண்டும், சிரிக்கவேண்டும். அவன் வளரவில்லை என்று ஊரே கத்துகிறது. எப்படி வளருவான்? அப்பாவைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்து என்ன பேசுவான் என்று அவனுக்கு எழுதுகிறவனுக்கே தெரியவில்லையே.

திட்டினதுக்கு மனதில் வைத்துக்கொள்ளாதே. திட்டுவதற்கு எனக்கும் உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? டாக்டர் நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, யாராவது வரவேண்டியவங்க இருந்தா வரச்சொல்லிடுங்கம்மா என்றார். இந்த ஒரு வரியை நீ வெட்டாமல் படி.

உன்னைத் திட்டினாலும் உன் நல்லதையே நினைக்கும்

அக்கா

*

என் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அப்பா இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பயந்துகொண்டே கடைசி வரி வரைக்கும் ஓடுவாய்.

கோபமெல்லாம் போய்விட்டது. இன்றைக்கு மத்தியானம் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை, மாமாவிடம்கூட. உன்னிடம் சொல்லாமல் இருந்தால் எனக்கு மூச்சு முட்டிவிடும். முட்டிமேல் அட்டையை வைத்து அப்பா கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் கண்டுகொள்ளாதே.

காலையில் ஒலிப்பதிவு. நீ வசனம் வெட்டிய அந்த எபிசோடுதான். முடித்துவிட்டு வந்து அப்பாவுக்கு இரண்டு கரண்டி சூப் கொடுத்தேன். மூன்றாவது வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டார். கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு டிவி சத்தம் சுவர் தாண்டி வந்தது. அந்த வீட்டுக் குழந்தைகள் சத்தமாக வைத்துத்தான் பார்ப்பார்கள். உன் தொடர். நான் கவனிக்கவில்லை. திடீரென்று என் குரல் சுவருக்குள்ளிருந்து, "அப்பா, நான் வந்துட்டேன்!" என்று கத்துகிறது.

கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். அப்பா எழுந்திருக்கப் பார்க்கிறார். ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முறிந்த இடுப்பை இழுத்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து, கதவு கதவு என்கிறார். படுங்கப்பா, அது டிவி என்கிறேன், காதில் ஏறவில்லை. நான் தோளைப் பிடித்து அழுத்துகிறேன், அவர் என்னைத் தள்ளுகிறார். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்துதான் வந்ததோ. இன்னொரு தடவை கீழே விழுந்தால் அவ்வளவுதான். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை தம்பி. தொண்டை ஏற்கெனவே அந்தப் பையனாகத்தான் இருந்தது. அவர் காதோரம் குனிந்து, காத்தாடிக் குரலில், நான் வந்துட்டேன்பா, இங்கதான் இருக்கேன், நீங்க எழுந்திருக்காதீங்க என்று சொல்லிவிட்டேன்.

நீ எழுதாமல் அந்தக் குரல் பேசின முதல் வார்த்தைகள் அவைதான்.

அப்பா அப்படியே அடங்கிவிட்டார். தலையணையில் சாய்ந்தார். எங்கேடா என்று கையால் துழாவினார். நான் இடது கையை நீட்டினேன், அதை விட்டுவிட்டு வலது கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாகத் தடவிக்கொண்டே வந்தார். கட்டைவிரல், ஆட்காட்டி விரல். நடுவிரலுக்கு வந்ததும் நின்றுவிட்டார். அடியிலிருந்து நகம் வரைக்கும் மெதுவாக நீவிப் பார்த்தார். என் விரல் நேராகத்தானே இருக்கும்? நேராயிடுச்சே என்றார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நேராயிடுச்சுடா, நேராயிடுச்சு என்று அவர் சந்தோஷப்பட, நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பிறகு சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு எழுத்தும் கூட்டவில்லை. கண்ணாடியில பார்த்தேன்டா. நீ கையைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டு நடுவுல நின்னே. அடுத்த திருப்பம் வரைக்கும் பார்த்துக்கிட்டேதான் போனேன். நிறுத்தியிருக்கணும்டா. பின்னால மூணு பேர் உட்கார்ந்திருந்தாங்கன்னு நிறுத்தலை. நிறுத்தியிருக்கணும்.

திரும்பிக்கூடப் பார்க்கலை என்றாயே தம்பி. அவர் எப்படித் திரும்புவார்? தலையைத் திருப்பாதே, கண்ணாடியைப் பார் என்று ஊருக்கே கற்றுக்கொடுத்த மனுஷன். உன்னை அவர் பார்த்துக்கொண்டேதான் போயிருக்கிறார். இத்தனை வருஷமும் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் நீ கையைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்திருக்கிறாய். நமக்குத்தான் தெரியவில்லை.

அதோடு விட்டிருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன். என் கையை விடாமல், இன்னும் கோபமாடா என்று கேட்டார்.

எத்தனை வருஷமாக அந்தப் பையனாகப் பேசுகிறேன், எத்தனை ஆயிரம் வரி! எல்லாவற்றையும் மனதுக்குள் புரட்டினேன். "ஓடு, ஓடு!" இருக்கிறது. "பயப்படாதே!" இருக்கிறது. "என்கிட்டேயா மோதறே?" இருக்கிறது. "சரி, அடுத்த தீவு!" இருக்கிறது. சொந்த அப்பா கோபமா என்று கேட்டால் பதில் சொல்ல அவனிடம் ஒரு வார்த்தை இல்லையடா. இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அது உன் கோபம். அதை எடுத்துக் கொடுக்க நான் யார்? மன்னிக்கவும் எனக்கு உரிமை இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் உரிமை இல்லை. நீ எழுதினால் பேசுவேன், அவ்வளவுதான் என் வேலை. பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா காத்திருந்தார். சிக்னலில் கார் நின்றால் இரண்டு நொடி பொறுக்காத மனுஷன், எவ்வளவோ நேரம் காத்திருந்தார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்து, பரவாயில்லை, அவசரமில்லை, யோசிச்சுச் சொல்லு என்றார். அப்படியே தூங்கிவிட்டார்.

நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

அவர் மாறிவிட்டாரடா. நமக்கெல்லாம் தெரியாமல், அந்த மூலை நாற்காலியில் உட்கார்ந்து உன் தொடரைத் திட்டிக்கொண்டே, அந்த மனுஷன் மாறிவிட்டார். பையன்தான் அப்படியே இருக்கிறான்.

நான் செய்தது சரியா தப்பா என்று தெரியவில்லை. தூங்கி எழுந்தால் மறந்திருப்பார் என்று நினைத்தேன். மறக்கவில்லை. சாயங்காலம் நர்ஸம்மாவிடம், என் பையன் வந்திருக்கான், வெளியே போயிருக்கான், இப்போ வந்துடுவான் என்று சொல்லியிருக்கிறார். விரல் நேராகிவிட்டது என்றும் சொல்லியிருக்கிறார். இப்போது இதை எழுதும்போதும் கண்ணை மூடிக்கொண்டு விழித்துத்தான் இருக்கிறார். நான் பக்கம் திருப்புகிற சத்தம் கேட்டால் வந்துட்டானா என்கிறார்.

தம்பி, இனிமேல் அந்தக் குரலை அவர் முன்னால் நான் எடுக்க மாட்டேன். என்னால் முடியாது. உன் குரலில் நீயே வா. ஆமாம், இன்னும் கோபம்தான் என்று சொல்லவேண்டும் என்றால் அதையே வந்து சொல்லு, அவர் கேட்டுக்கொள்வார். கத்தவேண்டும் என்றால் கத்து, நானும் மாமாவும் வெளியே போய் நின்றுகொள்கிறோம். உன் கோணல் விரலை அவர் கையில் கொடு. நேராகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர் சந்தோஷம் போனாலும் போகட்டும், அவர் தடவவேண்டியது என் விரல் இல்லை.

மேலிடத்துக்கும் கையேட்டுக்கும் பிறகு பதில் சொல்லிக்கொள்ளலாம். கிடைக்கிற வண்டியில் ஏறு. மாற்று உடுப்பு வேண்டாம், மாமாவுடையது இருக்கிறது. வாசல் கதவைத் தாழ் போடாமல் வைத்திருக்கிறேன். மாமா திருடன் வருவான் என்கிறார், வரட்டும், வந்தால் அவனும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவான் என்றேன்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்கவேண்டும். வழியில் பசித்தால் ஏதாவது வாங்கிச் சாப்பிடு, வெறும் வயிற்றோடு வராதே.

அவசரமில்லை, யோசிச்சுச் சொல்லு என்று அப்பா சொல்லிவிட்டார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

பேச வரி இல்லாமல் உட்கார்ந்திருக்கும்

உன் அக்கா